சாணக் குட்டை நாறுவது ஏன்?

விடியற்காலையில் திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள எந்தக் கிராமத்துத் தெருவில் நடந்தாலும் ஒரு காட்சியைக் காணலாம். வாசலில் சாணம் கரைத்துத் தெளித்திருப்பார்கள். அதன்மேல் கோலம் போட்டிருப்பார்கள். அருகில் போய் நின்றாலும் மூக்கைப் பிடிக்க வேண்டியதில்லை. சுவரில் தட்டிய வறட்டி இரண்டு நாள் வெயிலில் காய்ந்தபின் அதை முகர்ந்து பாருங்கள். வைக்கோல் வாசனைதான் மிஞ்சும்.

இப்போது அதே வீட்டின் கொல்லைப்புறத்துக்குப் போவோம். மாட்டுத் தொழுவத்தைக் கழுவிய நீரும் சாணமும் மூத்திரமும் சேர்ந்து ஒரு பள்ளத்தில் தேங்கி நிற்கின்றன. மேலே தடித்த ஆடை, இடையிடையே குமிழ்கள். காற்று நம் பக்கம் திரும்பினால் போதும், நிற்க முடியாது.

அதே மாடு, அதே சாணம். வாசலில் நாறாத சாணம் குட்டையில் மட்டும் ஏன் நாறுகிறது?

"இது உயிரியல் ஆசிரியரைக் கேட்க வேண்டிய கேள்வி, இயற்பியல் ஆசிரியருக்கு இங்கே என்ன வேலை?" என்று நீங்கள் நினைக்கலாம். வேலை நிறைய இருக்கிறது. கடைசியில் ஓர் உயிரைக் காக்கும் பாடமும் இருக்கிறது.

காற்று எட்டாத இடம்

முதலில் கணக்கைப் பார்ப்போம். நம் ஊர் மாடு ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ சாணம் போடும். எருமையானால் சுமார் 15 கிலோ. புதுச் சாணத்தில் ஐந்தில் நான்கு பங்கு நீர். ஒரு பங்குதான் திடப்பொருள். அதாவது ஒரு கிலோ சாணத்தில் சுமார் 200 கிராம் திடப்பொருள் இருக்கிறது. மாடு தின்ற வைக்கோலிலும் புல்லிலும் செரிக்காமல் போன நார், கொஞ்சம் புரதம், கொழுப்பு, மாவுச்சத்து, கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் எல்லாம் அதற்குள் அடக்கம்.

மாட்டின் வயிற்றில் தொடங்கிய செரிமானம் சாணம் வெளியே விழுந்ததும் நின்றுவிடுவதில்லை. நுண்ணுயிர்கள் வேலையைத் தொடர்கின்றன. ஆக்சிஜன் கிடைத்தால் அவை உணவை முழுவதுமாக எரித்துக் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றுகின்றன. இரண்டுக்கும் வாசனை கிடையாது.

வாசலில் தெளித்த சாணம் ஒரு மெல்லிய படலம்தான். அதன் எல்லாப் பகுதிக்கும் காற்று எட்டுகிறது. சிறிது நேரத்தில் உலர்ந்தும் போகிறது. நீர் இல்லாவிட்டால் நுண்ணுயிர்களுக்கு வேலை இல்லை. குட்டையில் நிலைமை வேறு. நம் ஊர் வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜன் 7 அல்லது 8 மில்லிகிராம் அளவே. ஒரு லிட்டர் காற்றில் இருக்கும் ஆக்சிஜனோ 250 மில்லிகிராமுக்கும் மேல்! போதாக்குறைக்கு, நீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவும் வேகத்தில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். மேற்பரப்பில் நுழையும் ஆக்சிஜனை அங்கேயே நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும். ஒரு விரற்கடை ஆழத்துக்குக் கீழே காற்றில்லா உலகம்தான்.

இரண்டு அணிகள்

காற்றில்லா உலகத்தில் வேலை செய்யும் நுண்ணுயிர்களை எளிதாகப் புரிந்துகொள்ள இரண்டு அணிகளாகப் பிரிக்கலாம். முதல் அணி பெரிய மூலக்கூறுகளை உடைத்து அமிலங்களாக்குகிறது. இரண்டாம் அணி அந்த அமிலங்களை மீத்தேன் வாயுவாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. மீத்தேனுக்கும் வாசனை இல்லை.

நாற்றமெல்லாம் நடுவில் இருக்கிறது. கெட்டுப்போன வெண்ணெயின் வாடையைத் தரும் பியூட்டிரிக் அமிலம், புரதம் சிதைவதால் உண்டாகும் ஸ்கேட்டோல், கண்ணைக் கரிக்கும் அம்மோனியா, அழுகிய முட்டையை நினைவூட்டும் ஹைட்ரஜன் சல்பைடு என்று நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்கள் சாணக் குட்டையிலிருந்து கிளம்புவதாக ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை பாதியில் நின்றுபோன செரிமானத்தின் மிச்சங்கள்.

ஏன் பாதியில் நிற்கிறது? இரண்டு அணிகளின் வேகமும் ஒன்றல்ல. அமிலம் ஆக்கும் அணி சில மணி நேரத்திலேயே இரட்டிப்பாகப் பெருகும். மீத்தேன் ஆக்கும் அணி இரட்டிப்பாகப் பல நாள்கள் பிடிக்கும். அதோடு இந்த இரண்டாம் அணிக்குப் பிடிவாதம் அதிகம். அமிலத் தன்மையைக் குறிக்கும் பி.எச். எண் 7-ஐ ஒட்டி இருக்க வேண்டும், 6.5-க்குக் கீழே போனால் சோர்ந்துவிடும். வெப்பம் 35 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் உற்சாகம். 20 டிகிரிக்குக் கீழே மந்தம். மார்கழி, தை மாதங்களில் சாண எரிவாயு அடுப்பு சோம்பி எரிவது இதனால்தான்.

கல்யாண வீட்டில் வேர்க்கடலை உடைப்பதாக வைத்துக்கொள்வோம். பத்துப் பேர் ஓட்டை உடைக்கிறார்கள். இரண்டு பேர்தான் பருப்பைப் பொறுக்கிச் சேர்க்கிறார்கள். மூட்டையை நிதானமாகப் பிரித்துக் கொட்டினால் கூடம் சுத்தமாக இருக்கும். நான்கு மூட்டைகளை ஒரே நேரத்தில் கொட்டினால்? உடைந்த கடலை கால் வைக்க இடமில்லாமல் குவிந்துவிடும். குட்டையிலும் அப்படித்தான். சாணம் அளவுக்கு மீறி வரும்போது அமிலம் குவிகிறது. குவிந்த அமிலம் மீத்தேன் அணியை மேலும் முடக்குகிறது. நாற்றம் மேலும் கூடுகிறது.

அடியில் வண்டல், மேலே ஆடை

இனி இயற்பியல். கலங்கிய சாண நீரைச் சும்மா விட்டால் அது மூன்று அடுக்காகப் பிரியும். அடியில் வண்டல், நடுவில் பழுப்பு நீர், மேலே ஆடை.

நீரில் விழும் சிறு துகள் சிறிது நேரத்தில் மாறாத வேகத்தை அடைகிறது. இதை முற்றுத் திசைவேகம் என்று உங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஸ்டோக்ஸ் விதிப்படி இந்த வேகம் துகளின் ஆரத்தின் இருமடிக்கும், துகளுக்கும் நீருக்கும் உள்ள அடர்த்தி வேறுபாட்டுக்கும் நேர்விகிதத்தில் இருக்கும்; நீர்மத்தின் பாகுநிலைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 0.1 மி.மீ. விட்டமுள்ள துகள், நீரைவிட 5 விழுக்காடு அடர்த்தி மிகுந்தது என்று கொள்வோம். தெளிந்த நீரில் அது 1 மீட்டர் ஆழம் இறங்கச் சுமார் 1 மணி நேரம் ஆகும். விட்டம் பத்தில் ஒரு பங்காக, அதாவது 0.01 மி.மீ. ஆகக் குறைந்தால்? வேகம் நூறில் ஒரு பங்காகிவிடும். இறங்க நான்கு நாளுக்கும் மேல் ஆகும். வைக்கோல் துணுக்கும் மணலும் விரைவில் அடியில் சேர்ந்துவிட, நுண்துகள்கள் நாள் கணக்கில் மிதந்துகொண்டே இருப்பது இதனால்தான்.

பாகுநிலையை மறக்கவேண்டாம். ஒரு பங்கு சாணத்துக்கு ஒரு பங்கு நீர் சேர்த்தால் கஞ்சி போன்ற கரைசல் கிடைக்கும். அதில் துகள்கள் எளிதில் படியமாட்டா. நான்கு பங்கு, ஐந்து பங்கு நீர் சேர்த்தால் நீர்த்துப்போய், திடப்பொருள் சட்டென்று பிரிந்து அடியில் உட்காரும். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் தேவைப்படும்.

மேலே உள்ள ஆடை எப்படி வந்தது? அடியில் படிந்த வண்டலில் நுண்ணுயிர்கள் வாயுவை ஆக்குகின்றன. குமிழ்கள் நார்த் துணுக்குகளில் ஒட்டிக்கொண்டு அவற்றை மேலே தூக்கிவருகின்றன. குமிழ் வெடித்தாலும் நார்கள் பின்னிக்கொண்டு அங்கேயே தங்கிவிடும். வெயிலில் காய்ந்து பாய் போல ஆகும்.

வண்டல் நாளுக்கு நாள் உயர்ந்தால் குட்டையின் உண்மையான கொள்ளளவு குறைகிறது. கொள்ளளவு குறைந்தால் அதே அளவு சாணமும் அதிகப்படியாகிவிடும். அதிகப்படியானால் அமிலம்; அமிலம் கூடினால் நாற்றம். எனவே நாற்றமும் வண்டலும் இரண்டு தொல்லைகள் போலத் தெரிந்தாலும் ஒரே தொல்லையின் இரண்டு முகங்கள்தாம்.

குட்டை ஏரியானால்

நம் கொல்லையில் இருப்பது சிறு பள்ளம். ஆயிரக்கணக்கான விலங்குகளை ஒரே கூரையின்கீழ் வளர்க்கும் நாடுகளில் இது ஏரி அளவுக்குப் பெருகியிருக்கிறது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பன்றிப் பண்ணைக் கழிவை மண்கரை கட்டிய பெரும் குட்டைகளில் தேக்கி வைக்கிறார்கள். 1995 ஜூனில் ஆன்ஸ்லோ மாவட்டத்தில் அப்படிப்பட்ட ஒரு குட்டையின் கரை உடைந்தது. சுமார் ஒன்பதரைக் கோடி லிட்டர் கழிவு நியூ ஆற்றில் பாய்ந்து மீன்களைக் கொன்றது. 1999-இல் ஃபுளோய்டு புயலின் பெருவெள்ளத்திலும் பல குட்டைகள் மூழ்கின.

இதை நாம் தொலைவில் நின்று வேடிக்கை பார்க்க முடியாது. பஞ்சாபின் லூதியானா நகரில் மாட்டுப் பண்ணைகள் அடர்ந்த பகுதிகளிலிருந்து சாணம் நெடுங்காலமாகப் புத்த நாலா என்னும் ஓடையில் கலந்து வந்துள்ளது. அந்த ஓடை சட்லெஜ் ஆற்றில் சேர்கிறது. நகரை ஒட்டி மாடுகள் பெருகும் இடங்களிலெல்லாம் இந்தத் தொல்லை காத்திருக்கிறது.

அந்தப் பெரும் குட்டைகளைக் கவனித்தவர்கள் ஒரு வியப்பான செய்தியையும் கண்டார்கள். சில குட்டைகள் கோடைக்காலத்தில் இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ மாறும். பார்ப்பவர் நஞ்சு கலந்துவிட்டதோ என்று அஞ்சுவார். உண்மையில் அது நல்ல அறிகுறி. ஊதாக் கந்தகப் பாக்டீரியாக்கள் அங்கே குடியேறியிருக்கின்றன. பச்சைச் செடி ஒளிச்சேர்க்கைக்கு நீரைப் பயன்படுத்துவதுபோல, இவை சூரிய ஒளியில் ஹைட்ரஜன் சல்பைடைப் பயன்படுத்துகின்றன. அழுகிய முட்டை நாற்றம் இவற்றுக்கு உணவு! அளவோடு கழிவு சேரும், நன்றாகச் செரிக்கும் குட்டையில்தான் இவை செழிக்கும்.

நாற்றத்தைக் குறைக்க வேறு வழிகளும் உண்டு. மின் விசிறிகளால் நீரைக் கலக்கிக் காற்றூட்டலாம். மின்சாரச் செலவு மிகுதி. சுண்ணாம்பு போடலாம். நீர் காரத் தன்மை அடைவதால் ஹைட்ரஜன் சல்பைடு வெளியேறாமல் கரைந்தே நிற்கும். ஆனால் காரம் கூடக் கூட அம்மோனியா அதிகமாகக் கிளம்பும். ஒரு நாற்றத்தை விரட்டி இன்னொன்றை அழைத்த கதைதான்.

எல்லாவற்றையும்விட நேரான வழி குட்டையை மூடிவிடுவது. அதை நம் நாட்டவர் நெடுநாள் முன்பே செய்துவிட்டார்கள்.

மூடிய குட்டை

1776-இல் இத்தாலிய அறிஞர் வோல்டா மாஜோரே ஏரியின் சேற்றைக் கிளறி, எழுந்த குமிழ்களைப் பிடித்து, அவை எரியக்கூடியவை என்று காட்டினார். மின்கலம் கண்டுபிடித்த அதே வோல்டாதான். அவர் பிடித்த வாயு மீத்தேன். நம் நாட்டில் 1930-களின் இறுதியில் தில்லியில் உள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் எஸ்.வி. தேசாய் சாணத்திலிருந்து வாயு எடுக்கும் சோதனைகளைச் செய்தார். 1950-களில் ஜஷ்பாய் படேல் மிதக்கும் கலம் கொண்ட சாண எரிவாயுக் கலனை உருவாக்கினார். அதைக் கதர் கிராமத் தொழில் ஆணையம் 1960-களின் தொடக்கத்திலிருந்து நாடெங்கும் பரப்பியது. 1978-இல் மிதக்கும் இரும்புக் கலமே இல்லாத ஜனதா அமைப்பும், 1984-இல் செலவு இன்னும் குறைந்த தீனபந்து அமைப்பும் வந்தன. 2018-இல் கோபர்தன் என்னும் திட்டம் தொடங்கப்பட்டது.

பழைய மிதக்கும் கலத்தின் அமைப்பைப் பாருங்கள். கிணறு போல ஒரு தொட்டி. அதன்மேல் கவிழ்த்து வைத்த இரும்புக் கலம். ஒரு பக்கக் குழாய் வழியாகச் சாணக் கரைசல் அடிக்குப் போகிறது. மறுபக்கம் வழியாகச் செரித்த கரைசல் வெளியே வருகிறது. வாயு சேரச் சேரக் கலம் உயர்கிறது. கலத்தின் எடையே வாயுவை அடுப்புக்குத் தள்ளுகிறது. கலத்தின் உட்புறம் கம்பிகள் பொருத்தியிருப்பார்கள். கலத்தைக் கையால் சுழற்றினால் மேலே மிதக்கும் ஆடை உடையும். எவ்வளவு எளிய ஏற்பாடு!

25 கிலோ சாணத்திலிருந்து சுமார் 1 கன மீட்டர் வாயு கிடைக்கும். அதில் பாதிக்கு மேல் மீத்தேன். திறந்த குட்டையில் இதே மீத்தேன் வானத்துக்குப் போயிருக்கும். புவியைச் சூடாக்குவதில் அது, நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு வலிமை வாய்ந்தது. எரித்துவிட்டால் அந்தக் கேடு பெரிதும் குறைகிறது, சோறும் வேகிறது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைப் போக்கிக்கொள்ள வேண்டும். எரிவாயுக் கலன் சாணத்தை விழுங்கிவிடும் மாயப் பானை அன்று. ஒரு கிலோ சாணம் தரும் வாயு சுமார் 40 லிட்டர். அதன் நிறை ஏறத்தாழ 45 கிராம். உள்ளே போன திடப்பொருளோ 200 கிராம். கால் பங்குக்கும் குறைவாகவே வாயுவாகிறது. மீதி முழுவதும் கரைசலோடு வெளியே வந்தாக வேண்டும். வராவிட்டால் உள்ளே குவிகிறது என்று பொருள்.

மாமாவின் கலன்

போளூருக்கு அருகே ஒரு கிராமத்தில் என் தாய்மாமா வீட்டில் இப்படி ஒரு கலன் இருந்தது. நான் பள்ளியில் படித்த காலம். ஐந்து மாடுகள். அத்தை காலையில் 50 கிலோ சாணத்தோடு அதே அளவு நீர் சேர்த்துக் கையால் கரைத்து, கல்லையும் வைக்கோலையும் பொறுக்கி எறிந்துவிட்டு ஊற்றுவார். நீல நிறச் சுடர் இரண்டு வேளைச் சமையலுக்கும் போதும். வெளிவந்த கரைசலில் ஈ மொய்க்காது. நிலக்கடலைக் கொல்லைக்கு அதுவே எரு.

பிறகு வீட்டுக்கு ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் வந்தன. குழாயைப் பிடித்துத் தொழுவத்தைக் கழுவி, அந்த நீரையெல்லாம் நேரே கலனுக்குள் விட்டார்கள். கை நோகாமல் வேலை முடிந்தது. சில மாதங்களில் சுடர் சுருங்கியது. வெளியே வந்த கரைசல் கொல்லைப் பள்ளத்தில் தேங்கி நாறியது. "அண்ணே, சோத்துத் தட்டுல உட்கார முடியலையே" என்று பக்கத்து வீட்டு அக்கா மாமாவிடம் அழாக்குறையாகச் சொன்னது எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது.

என்ன நடந்தது என்று இப்போது உங்களுக்கே தெரியும். 50 கிலோ சாணமும் 50 லிட்டர் நீரும் சேர்ந்தால் நாளைக்குச் சுமார் 100 லிட்டர். 3,000 லிட்டர் தொட்டியில் அது 30 நாள் தங்கும். தமிழ்நாட்டின் வெப்பத்துக்கு வகுத்திருக்கும் கணக்கும் இந்த 30 நாள்தான். நீரை 300 லிட்டர் ஆக்கினால் நாளைக்கு 350 லிட்டர். 3,000-ஐ 350-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒன்பது நாளுக்குள் எல்லாம் வெளியே வந்துவிடும்! மெதுவாகப் பெருகும் மீத்தேன் அணி, பெருகும் முன்பே நீரோடு அடித்துச் செல்லப்படுகிறது. அரைகுறையாகச் செரித்ததுதான் பள்ளத்தில் விழுந்தது. இதோடு, நீர்த்துப்போன கரைசலில் தொழுவத்து மண்ணும் மணலும் சட்டென்று அடியில் உட்கார்ந்தன.

தொட்டியைக் கட்டிய கொத்தனார் வந்தார். ஒரு நீண்ட மூங்கிலை உள்ளே விட்டுப் பார்த்தார். "பாதிக் கெணறு மண்ணுங்க" என்றார். கலத்தைத் தூக்கி வைத்தார்கள். வேலைக்கு வந்த இளைஞர் ஒருவர் விளிம்பில் குனிந்து பார்த்துவிட்டு, "இப்ப நாத்தமே இல்லீங்களே. நான் எறங்கி வாரிடறேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

கொத்தனார் அவர் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். "நாத்தம் இல்லேன்னாதான்டா பயப்படணும்!"

மூக்கு பொய் சொல்லும்

அந்தக் கொத்தனார் சொன்னதன் அறிவியலைப் பல ஆண்டுகள் கழித்தே நான் படித்தேன்.

ஹைட்ரஜன் சல்பைடை மனித மூக்கு வியப்பான கூர்மையோடு கண்டுபிடிக்கும். காற்றில் பத்துக் கோடியில் ஒரு பங்கு இருந்தாலே வாடை தெரியும். ஆனால் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டும்போது, சில நிமிடங்களில் மூக்கின் உணர்வு மரத்துப்போகிறது. நாற்றம் போய்விட்டதாகத் தோன்றும், வாயு போகவில்லை. 500 பங்குக்கு மேல் போனால் தலை சுற்றிக் கீழே விழக்கூடும். 1,000 பங்கை நெருங்கினால் ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பி உயிர் போகலாம்.

அந்த வாயு காற்றைவிடக் கனமானது. அதன் மூலக்கூறு நிறை 34. காற்றின் சராசரி 29. எனவே பள்ளத்தின் அடியில் தேங்கி நிற்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். கோலி சோடாவைக் குலுக்கி உடைத்தால் என்ன ஆகும்? கரைந்திருந்த வாயு எல்லாம் ஒரேயடியாகப் பொங்கும். சாண வண்டலும் அப்படியே. சும்மா இருக்கும்போது அமைதியாகத் தெரியும்; மண்வெட்டியால் கிளறிய கணத்தில் அடைபட்ட வாயு பொங்கி எழும். சாணத் தொட்டி விபத்துகள் பலவும் கிளறும்போதுதான் நேர்கின்றன.

கிணற்றில் இறங்கும்முன் விளக்கை இறக்கிப் பார்க்கும் வழக்கம் நம் ஊரில் உண்டு. இங்கே அது உதவாது. விளக்கு அணையாத அளவு ஆக்சிஜன் இருந்தாலும் நச்சு வாயு கொன்றுவிடும். மேலும், காற்றில் மீத்தேன் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருந்தால் அந்தச் சுடரே வெடிக்க வைத்துவிடும்.

கழிவுநீர்த் தொட்டியில் இறங்கியவர் மயங்க, காப்பாற்றப் போனவரும் அவருக்குப்பின் போனவரும் மாண்ட செய்திகளை நாளிதழில் நீங்கள் படித்திருப்பீர்கள். பாதுகாப்பின்றி ஆளை இறக்கிக் கழிவுநீர்த் தொட்டியையும் சாக்கடையையும் துப்புரவு செய்ய வைப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சாணத் தொட்டிக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும். உள்ளே யாராவது விழுந்துவிட்டால் நீங்கள் குதிக்காதீர்கள். கூக்குரலிட்டு ஆள் சேருங்கள், 112-ஐ அழையுங்கள், வெளியிலிருந்தே கயிற்றை வீசுங்கள்.

மாமா வீட்டில் யாரும் இறங்கவில்லை. பல நாள் தொட்டியைத் திறந்து போட்டு, மேலிருந்தபடியே கயிறு கட்டிய வாளியால் மண்ணை அள்ளினார்கள். அதற்குப்பின் அத்தை பழையபடி கையால் கரைக்கத் தொடங்கினார். தொழுவம் கழுவும் நீர் தென்னைக்குப் போயிற்று. ஒரு மாதம் கழித்து நீலச் சுடர் திரும்பி வந்தது.

நினைவில் கொள்ள

உங்கள் வீட்டிலோ தெருவிலோ மாடு இருந்தால் பெரியவர்களிடம் இவற்றைச் சொல்லுங்கள்.

1. சாணத்தைக் கழுவித் தள்ளாமல், முதலில் வாரி எடுக்கவேண்டும். கழுவும் நீர் தனியாகப் போகட்டும்.

2. கழுவும் நீரைக் குட்டைக்கு விடத்தான் வேண்டும் என்றால், முன்னால் ஒரு சிறு படிவுத் தொட்டி கட்டலாம். நீர் அதில் மெதுவாக நகரும்போது மணலும் நாரும் படியும். அந்தத் தொட்டி ஆழம் குறைவாக இருந்தால் மேலிருந்தே வாரிவிடலாம்.

3. எரிவாயுக் கலனுக்கு ஒரு பங்கு சாணம், ஒரு பங்கு நீர். நாள்தோறும் ஒரே அளவு. ஒரு வாரச் சாணத்தை ஒரே நாளில் கொட்டக்கூடாது.

4. உள்ளே போகும் அளவுக்கு வெளியே வருகிறதா என்று பார்க்கவேண்டும். மூங்கில் கழியை விட்டு வண்டலின் உயரத்தை அவ்வப்போது பெரியவர்கள் அளந்து பார்க்கலாம். அருகில் நெருப்பு கூடாது.

5. எந்தக் காரணத்துக்காகவும் தொட்டிக்குள் இறங்கக்கூடாது.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடிக் குவளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் ஒரு கரண்டி சாணமும் ஒரு கரண்டி நீரும். இரண்டாவதில் ஒரு கரண்டி சாணமும் ஐந்து கரண்டி நீரும் இட்டு நன்றாகக் கலக்குங்கள். திறந்தபடியே வெளியில் நிழலான இடத்தில் வையுங்கள். மூடி போட்டு இறுக்கவேண்டாம். வாயு சேர்ந்தால் கண்ணாடி வெடிக்கலாம். ஒரு மணி, ஒரு நாள், மூன்று நாள் கழித்து ஒவ்வொரு குவளையிலும் எத்தனை அடுக்குகள், எவ்வளவு உயரம் என்று அளந்து எழுதுங்கள். எதில் விரைவில் பிரிந்தது? ஆடை எப்போது தோன்றியது? ஸ்டோக்ஸ் விதி உங்கள் கண்ணெதிரே வேலை செய்வதைக் காண்பீர்கள். முடிந்ததும் கரைசலைச் செடிக்கு ஊற்றிவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

நாளைக் காலை வாசலில் தெளித்த சாணத்தைத் தாண்டும்போது ஒரு கணம் நின்று பாருங்கள். மெல்லிய படலம், நிறையக் காற்று, கொஞ்சம் வெயில்; அங்கே வேலை முழுமையாக முடிகிறது. கொல்லைக் குட்டையில் நாறுவது சாணம் அன்று. முடியாமல் நின்றுபோன வேலை. அந்த வேலைக்குப் போதிய நாள்களும், அளவான நீரும், மேலே ஒரு மூடியும் கொடுத்தால் அது நமக்கு அடுப்பெரிக்க வாயுவும் நிலத்துக்கு எருவும் தரும்.